பெட்டி அவர்களுடையது, பதிவு யாருடையது?

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். “டிவியில வர்றதைப் பதிவு பண்ணி வைக்கிறதுக்கு இந்தக் காலத்துல யார் சார் இருக்கா? எல்லாம்தான் போன்லயே வருதே!”

நான் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் நான் பேசுவது எனக்கே பிடிக்காது. அதனால் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, நிதானமாக இதை எழுதுகிறேன். நிதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியவில்லை.

முதலில் என் வீட்டுக் கதை. 2011-ல் ஒரு பெட்டி வாங்கினேன். மொட்டை மாடியில் டிஷ் வைத்துக் கொடுப்பார்களே, அதில் பதிவு செய்யும் வசதியுள்ள பெட்டி. சாதாரணப் பெட்டியைவிட விலை அதிகம். உள்ளே ஹார்ட் டிஸ்க். என் மனைவிக்கு சாயங்காலத் தொடர்கள், எனக்கு கிரிக்கெட். சண்டையில்லாமல் காலம் ஓடியது.

2014 பொங்கலன்று ஒரு பட்டிமன்றம் ஒளிபரப்பானது. எங்கள் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படம் பிடித்தது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்கிற அதே பழைய தலைப்புதான். நடுவர் பார்வையாளர் பக்கம் மைக்கை நீட்டினார். இரண்டாவது வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள், மைக்கைக் கண்டு பயப்படுகிற ஆளில்லை. “சமைச்சது யாருன்னு கேக்காதீங்கய்யா. சமைச்சது நல்லாருக்குன்னு சொன்னது யாருன்னு கேளுங்க” என்றாள். மண்டபமே சிரித்தது. காமிரா பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மேல் திரும்பியது. மொத்தம் ஒன்றரை நிமிஷம்.

அதைப் பெட்டியில் பதிந்து வைத்தோம். 2017-ல் அவள் போய்விட்டாள். அதன் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஒன்றரை நிமிஷத்தைப் போட்டுப் பார்ப்பேன்.

2018-ல் ஒரு நாள் பெட்டி உயிரை விட்டது. நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன். புதுப் பெட்டி மாட்டினான், பழையதைப் பையில் போட்டான். “தம்பி, உள்ள டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். அதைக் கழட்டிக் குடுத்துடேன்” என்றேன். “அது கம்பெனிப் பொருள் சார். குடுத்தாலும் பிரயோஜனமில்ல. அந்தப் பதிவு அந்தப் பெட்டியில மட்டும்தான் ஓடும். வேற எதுல போட்டாலும் திறக்காது” என்றான். அவன் மேல் தப்பில்லை. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். பதிவு பூட்டப்பட்டிருக்கிறது. சாவி பெட்டிக்குள். பெட்டி அவர்களிடம்.

ஏழு வருஷம் சந்தா கட்டினேன், பெட்டிக்கும் பணம் கொடுத்தேன். பதிந்தது என் கை, ரிமோட் என்னுடையது, படத்தில் இருந்தது என் மனைவி. ஆனால் அது என்னுடையது இல்லையாம்.

2019-ல் மகள் வீட்டுக்குப் போனேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம். அங்கே ஒரு நாள் பேத்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை, “இருங்க மாமா, ஒண்ணு காட்டறேன்” என்று ரிமோட்டை எடுத்தார். திரையில் பேத்தி, நான்கு வயசு. 2011-ல் உள்ளூர்ச் செய்தியில் அவள் பள்ளியைப் பற்றி வந்த துண்டு. பிள்ளைகள் பூசணிக்காய் சுமந்து நடக்கிறார்கள். எட்டு வருஷத்துப் பழசு.

“அதே பெட்டியிலயா வச்சிருக்கீங்க?” என்றேன்.

“அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் எப்பவோ போயிடுச்சு மாமா. இது மூணாவது. ஃபைலை மட்டும் காப்பி பண்ணிக்கிட்டே வர்றேன்.”

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பேஸ்மெண்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் டியூனர் கார்டு இரண்டு. பரணில் ஒரு ஆண்டெனா. அமெரிக்காவில் பெரிய சேனல்கள் பலவும் நம் பழைய தூர்தர்ஷன் போல காற்றிலேயே இலவசமாக வருகின்றன. 2009 ஜூனில் பெரிய நிலையங்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. ஆண்டெனா வைத்தால் போதும், சந்தா கிடையாது, பூட்டும் கிடையாது. அதைப் பிடித்துப் பதிகிற மென்பொருளுக்குப் பெயர் மித்டிவி. 2002-ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்பவர் தன் வீட்டுக்காக ஆரம்பித்தது. பிறகு உலகம் முழுக்கப் பலர் கை கொடுத்தார்கள்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவனுக்கு அது உடனே புரிந்தது. அதில் இரண்டு பாகம். பேஸ்மெண்டில் இருப்பது எக்ஸ்சேஞ்ச்: சிக்னலைப் பிடிக்கிறது, நேரம் பார்த்துப் பதிகிறது, கணக்கு வைத்துக்கொள்கிறது. டிவி பக்கத்தில் இருப்பது டெலிபோன் கருவி மாதிரி: கேட்டால் காட்டும், அவ்வளவுதான். ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு வீட்டில் எத்தனை கருவி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பதிவு டிஸ்கில் சாதாரண ஃபைலாக இருக்கிறது. பெயரில் சேனல் எண்ணும் தேதியும் நேரமும். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓடும். உயர்தரப் படம் என்றால் மணிக்கு 6 முதல் 8 ஜிபி வரை இடம் பிடிக்கும். “இதை அழிக்காதே” என்று குறித்து வைத்தால் டிஸ்க் நிரம்பினாலும் அதைத் தொடாது. விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதுவே பார்த்துக் குறித்து வைக்கும். ஒரு பொத்தானில் தாண்டிவிடலாம்.

ஆனால் லினக்ஸ் என்பது அரிசி மாதிரி. அரிசியை அப்படியே இலையில் போட முடியாது. டேட்டாபேஸ், டியூனருக்கு டிரைவர், ரிமோட்டுக்கு ஒரு நிரல், மித்டிவி என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கோத்து வேலை செய்ய வைப்பதற்குள் ஆளே கிழவனாகிவிடுவான். அதனால் சிலர் சேர்ந்து சாப்பாடாகச் சமைத்து ஒரே டிஸ்கில் தந்தார்கள். ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் செய்த க்னாப்பிக்ஸோடு மித்டிவியைச் சேர்த்து க்னாப்மித் என்று ஒன்று வந்தது. சீசில் வாட்சன் தொடங்கியது. பின்னால் அதுவே ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டப்பட்டு லின்ஹெஸ் ஆனது. லினக்ஸ் வீட்டுப் பொழுதுபோக்கு சர்வர் என்று பொருள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தது அதுதான். டிஸ்கைப் போட்டு, நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னால், பழைய கம்ப்யூட்டர் பதிவுப் பெட்டியாகிவிடும். செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் வீட்டுக்கு வேண்டியதைச் செய்து ஊருக்கும் கொடுத்தவர்கள்.

இங்கேதான் என் வாதம் ஆரம்பிக்கிறது. நிறுவனப் பெட்டியும் இந்தப் பெட்டியும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் இரண்டும் வேலை செய்வது வேறு வேறு எஜமானர்களுக்கு. லின்ஹெஸ் செய்தவருக்கு நான் பதிந்ததைப் பூட்டுவதால் ஒரு லாபமும் இல்லை. அவர் வீட்டிலும் அதே பெட்டிதான் ஓடுகிறது. நிறுவனத்துக்கோ பூட்டில்தான் வியாபாரம். நான் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குப் போனால் என் பதிவுகளை இழக்க வேண்டும் என்பதே என்னைக் கட்டிப்போடுகிற கயிறு.

“சார், நிறுவனங்களுக்கும் உரிமை இருக்கில்லையா? படம் எடுத்தவன் சொத்து அது” என்பார்கள். அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 1975-ல் சோனி பீட்டாமேக்ஸ் வந்தது. 1976-ல் யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் ஒருவர் பிறகு பார்ப்பதற்காகப் பதிந்து வைப்பது நியாயமான பயன்பாடு, திருட்டு அல்ல என்று. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ், குடும்பங்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் என் நிகழ்ச்சியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான் என்ற பொருளில் சாட்சி சொன்னார். தீர்ப்பில் அதையும் எடுத்துக்காட்டினார்கள். பதிவுக் கருவி வந்தால் சினிமாத் தொழில் செத்துவிடும் என்று அலறிய அதே ஸ்டுடியோக்கள் பிறகு வீடியோ காசெட் விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதித்தன.

கோர்ட்டில் தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? சட்டத்தால் முடியாததைப் பெட்டியால் செய்யப் பார்த்தார்கள். ரீப்ளே டிவி என்று ஒரு பெட்டி வந்தது. விளம்பரத்தைத் தானாகவே தாண்டும். 2001-ல் அதன் மேல் வழக்கு. நிறுவனம் 2003-ல் திவாலானது. பெட்டியை வாங்கிய புது முதலாளி அடுத்த மாடலில் அந்த வசதியையே எடுத்துவிட்டார். மித்டிவியில் அதே வசதி இன்றும் இருக்கிறது. நாலு நாட்டில் நாற்பது பேர் வீட்டில் உட்கார்ந்து எழுதியதை எந்த முதலாளி வந்து எடுப்பார்?

2003-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி இன்னொரு விதி போட்டது. ஒளிபரப்பிலேயே ஒரு கொடி இருக்கும், அந்தக் கொடியைப் பார்த்தால் கருவிகள் நகல் எடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று. 2005 ஜூலையில் அமலுக்கு வரவேண்டியது. நூலகர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. மே மாதமே விதி ரத்தானது. நன்றாகக் கவனியுங்கள், போராடியவர்கள் நூலகர்கள். எதையும் பாதுகாத்து வைப்பதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அதே வேலை வேறு வாசல் வழியாக வருகிறது. 2012-ல் கேபிள்காரர்கள் அடிப்படைச் சேனல்களையும் பூட்டலாம் என்று எஃப்சிசி அனுமதித்தது. 2017-ல் ஏடிஎஸ்சி 3.0 என்ற புதுத் தரத்துக்கு அனுமதி. படம் துல்லியம், ஒலி பிரமாதம் என்றார்கள். ஆனால் அதில் ஒளிபரப்பும் பல நிலையங்கள் சிக்னலைப் பூட்டியே அனுப்புகின்றன. காற்றில் இலவசமாக வருவதற்கு எதற்குப் பூட்டு? திறக்க வேண்டுமானால் அனுமதி பெற்ற கருவி வேண்டும். எல்லாரும் பார்க்கும்படி திறந்து எழுதிய மென்பொருளில் ரகசியச் சாவியை ஒளித்து வைக்க முடியாது. ஆகவே லின்ஹெஸ் மாதிரிப் பெட்டிகள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இதற்கு நல்ல படம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதை வாடகை என்கிறேன்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. மாப்பிள்ளையின் பெட்டி தேவலோகத்திலிருந்து வந்ததில்லை. நான் இருந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை படுத்துவிட்டது. ஒரு தடவை அப்டேட் போட்டதும் ரிமோட் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை முழுக்க அவர் பேஸ்மெண்டிலேயே கிடந்தார். “ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினா இந்தத் தலைவலி உண்டா?” என்று என் மகள் மாடிப்படியிலிருந்து சத்தம் போட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதைவிடப் பெரிய குறை நம் பக்கத்தில். இலவசம் என்றால் நாம் எல்லாரும் வரிசையில் நிற்போம், அடுப்பு ஊத ஒருவரும் வரமாட்டோம். மித்டிவிக்கு அமெரிக்காவில் நிகழ்ச்சி நிரல் ஒரு நிறுவனத்திடமிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்தது. 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி அதை நிறுத்திவிட்டார்கள். எந்தச் சேனலில் எப்போது என்ன என்று தெரியாமல் பதிவுப் பெட்டி குருடுதானே? அப்போது இந்த மென்பொருட்காரர்களே கூடி ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்று லாப நோக்கமில்லாத அமைப்பை ஆரம்பித்து, சிறு சந்தா வசூலித்து, நிரலை விலை கொடுத்து வாங்கிப் பகிர்ந்தார்கள். அது இன்றும் நடக்கிறது. சுதந்திரம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. செலவு எதற்கு என்பது நமக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தாவைக் கட்ட ஆள் இருந்தது. ஆனால் வேலையைச் செய்ய? மித்புண்டு என்று உபுண்டுவின் மேல் கட்டிய இன்னொரு டிஸ்ட்ரோ, 2007-ல் தொடங்கியது. 2016 நவம்பரில் தனி டிஸ்ட்ரோவாக நடத்துவதை நிறுத்தினார்கள். பார்க்க ஆயிரம் பேர், பராமரிக்க விரல் விட்டு எண்ணும் ஆட்கள் என்றால் எத்தனை நாள் ஓடும்? நிறுவனங்கள் கழுத்தை நெரித்துத்தான் இவை சாக வேண்டுமென்பதில்லை. நம் அலட்சியமே போதும். நம் ஊர்க் குளங்களை யார் தூர்த்தார்கள் என்று கேட்டால் ஆக்கிரமிப்பாளர்கள் என்போம். தூர் வாரப் போகாதவர்கள் யார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

நானும் யோக்கியனில்லை. ஆறு மாதம் அந்தப் பெட்டியில் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு பைசா கொடுக்காமல்தான் கிளம்பத் தயாரானேன். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் என் பென்ஷன் பணத்திலிருந்து அந்த வருஷச் சந்தாவை நானே கட்டினேன். மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்றார். “உங்களுக்கில்ல மாப்பிள்ளை, பூசணிக்காய்க்கு” என்றேன். சிரித்துவிட்டார்.

இனி என் நண்பருக்கு வருகிறேன். எல்லாம் போனில் வருகிறதாம். வருகிறது, எனக்கும் தெரியும். அந்தப் பட்டிமன்றத்தைத் தேடாமலா இருப்பேன்? இணையத்தில் இருக்கிறது. பேச்சாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பார்வையாளர் கேள்விப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது தேவையில்லாத பகுதி. யாருக்குத் தேவை என்பதை அவர்கள் எப்படித் தீர்மானிக்க முடியும்? ஓடிடியில் இன்று இருக்கிற படம் அடுத்த மாதம் இருக்காது. ஒப்பந்தம் முடிந்தால் தூக்கிவிடுவார்கள். கிடைப்பது வேறு, கையில் இருப்பது வேறு. பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுக் கிணற்றைத் தூர்ப்போமா?

நம் ஊரில் லின்ஹெஸ் போட முடியுமா என்று கேட்பீர்கள். கேபிள் வயரை நேரே டியூனர் கார்டில் சொருகிய காலத்தில் நம் ஊரிலும் மித்டிவியில் பதிய முடிந்தது. டிஜிட்டல் பெட்டி கட்டாயமான பிறகு அந்த வாசல் அடைபட்டது. கட்டணச் சேனல்கள் எல்லாம் பூட்டியே வருகின்றன. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒன்றுதான் மாதச் சந்தா இல்லாமல் வருகிறது. அதற்கென்று கடையில் விற்கும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் பென் டிரைவ் சொருகிப் பதியலாம். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் பதிந்து, அந்தப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் வாங்குங்கள். ஓடவில்லையென்றால் அது பதிவுப் பெட்டியில்லை, அடகுக் கடை.

ஏற்கெனவே சந்தாப் பெட்டியில் முக்கியமானதைப் பதிந்து வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே டிவி முன்னால் செல்போனை ஆடாமல் நிறுத்தி, ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தரம் மட்டமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எனக்கு அந்த யோசனை அன்று வரவில்லை. முப்பத்தாறு வருஷம் கருவிகளோடு வேலை பார்த்தவனுக்கு வரவில்லை. பெட்டியை அவ்வளவு நம்பிவிட்டேன்.

2020-ல் ட்ராய் ஒரு பரிந்துரை செய்தது, எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பெட்டியை மாற்றத் தேவையிருக்கக் கூடாது என்று. நல்ல பரிந்துரை. அதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: வீட்டில் பதிந்தது வீட்டுக்காரருக்குச் சொந்தம், பெட்டி போனாலும் பதிவு போகக் கூடாது. இதைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. பென்ஷன் பாக்கிக்கு எத்தனை மனு எழுதியிருப்போம்? இதற்கும் ஒன்று எழுதலாம். நான் எழுதிவிட்டேன். நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2014 பொங்கல் பட்டிமன்றம், திருச்சியில் எடுத்தது. கேள்வி நேரத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா எழுந்து பேசுவார். பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார். உங்களில் யாராவது அதைப் பழைய டிவிடியிலோ, பென் டிரைவிலோ, எதிலோ பதிந்து வைத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.